புரியலைங்க அக்கா

“இந்த வாரமும் படிக்காமத்தான் வந்திருக்கீங்களா?” என்று கேட்டாள் சாஜிதா பேகம்.

எதிரில் உட்கார்ந்திருந்த திருமூர்த்தி பின்தலையைச் சொறிந்தார். “படிச்சனுங்க அக்கா. மண்டைல ஏற மாட்டேங்குது. இதுல யாரு அண்ணன், யாரு தம்பின்னே புரியலைங்க.”

“போன வாரந்தானுங்க சொன்னேன்?”

“இன்னொருக்கா சொல்லிப்போடுங்க.”

சாஜிதாவுக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் சொன்னாள்.

துடியலூரில், ஒரு மாடி அறையில், ஞாயிறு சாயந்திரம் கூடும் வாசிப்புக் குழு அது. எடுத்துக்கொண்டது ஆயிரத்துச் சொச்சம் பக்கமுள்ள ஒரு பழைய வெளிநாட்டு நாவலின் மொழிபெயர்ப்பு. தொட்டவர்கள் யாரும் முடித்ததில்லை என்று பேர் வாங்கியது. ஆறு மாதத்தில் முடித்துவிடுவதென்று பதினாலு பேர் சேர்ந்தார்கள். காலேஜ் புரொபசர், டாக்டர், பேங்க் மேனேஜர் எல்லாம் இருந்தார்கள். ஜாக்கெட் தைக்கும் சாஜிதா மட்டும்தான் பத்தாவதோடு நின்றவள்.

முதல் மாதத்திலேயே பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். சாஜிதாவும் குழுவை நடத்தும் அருள்குமாருக்குப் போன் செய்தாள்.

“நமக்கு இது ஆகாதுங்க தம்பி. பக்கத்துக்குப் பத்துப் பேரு வாராங்க. நான் நின்னுக்கறனுங்க.”

“இன்னும் ஒரே ஒரு வாரம் வாங்கக்கா. அப்பறம் உங்க இஷ்டம்” என்றான் அவன்.

அந்த வாரம்தான் திருமூர்த்தி புதிதாக வந்து சேர்ந்தார். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராகச் சாஜிதாவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க அக்கா, நான் லேட்டாச் சேர்ந்துட்டேன். இதுவரைக்கும் என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களா?”

புரொபசரை விட்டுவிட்டுத் தன்னைப் போய்க் கேட்கிறாரே என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு, “அடுத்த வாரம் சொல்றனுங்க” என்று சமாளித்தாள்.

சொல்லியாகிவிட்டது. அதற்காகவே வீட்டில் முதலிலிருந்து படித்தாள். ஒரே ஆளைத்தான் மூன்று வெவ்வேறு பெயர்களில் கூப்பிடுகிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. ஜாக்கெட் அளவு வெட்டும் பேப்பரை விரித்து, யாருக்கு யார் என்ன முறை என்று எழுதி, தையல் மெஷினுக்கு மேலே ஒட்டிக்கொண்டாள்.

அவர் கேள்விகள் குறையவில்லை.

“அந்தப் பொண்ணு எதுக்குங்க அத்தனை நல்ல மாப்பிள்ளைய வேண்டாங்குது?”

“அந்தப் பெரியவரு நல்லவருங்களா, கெட்டவருங்களா?”

“அப்படி ஒரே வார்த்தைல சொல்ல முடியாதுங்க” என்று ஆரம்பித்தவள் முக்கால் மணி நேரம் பேசினாள். நிறுத்தின பிறகுதான், புரொபசர் உட்பட மொத்த அறையும் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது.

அறுநூறு பக்கம் தாண்டியதும் நாவல் அவளைத் தானாக இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பெரியவர், தான் விரட்டிவிட்ட மகனிடம் மன்னிப்புக் கேட்க வாசல் வரை வருகிறார். வந்தவர், குதிரைக்குக் காயம் ஆறிவிட்டதா என்று மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறார்.

சாஜிதா தையலை நிறுத்திவிட்டு அழுதாள்.

பத்தாவதோடு அவள் படிப்பை நிறுத்திய, அவளைப் பெற்ற அத்தாவும் ஒருநாள் இதே வீட்டு வாசலில் வந்து நின்றார். “மிசின் நல்லா ஓடுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எதற்கு வந்தார் என்பது, அவர் மௌத்தாகி, அடக்கமும் ஆகிப் பல வருஷம் கழித்து இப்போது விளங்கியது.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னபோது திருமூர்த்தி புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். “இந்த எடத்தை நான் இப்படி நினைக்கவே இல்லைங்க அக்கா” என்றார்.

ஒருவழியாக நாவல் முடிந்தது. கடைசி வரை இருந்தவர்கள் ஐந்தே பேர். அடுத்த நாவலைச் சாஜிதாவே நடத்த வேண்டும் என்றான் அருள்குமார். எல்லோரும் கை தட்டினார்கள். திருமூர்த்தியின் கைதட்டல்தான் பலமாகக் கேட்டது.

எல்லோரும் போனதும் அவள் அருள்குமாரிடம் வந்தாள்.

“நடத்தறனுங்க தம்பி. ஆனா அந்தத் திருமூர்த்தி மட்டும் வேண்டாங்க. ஒரு பக்கமாச்சும் ஒழுங்காப் படிச்சுட்டு வந்தாரா? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். அவருக்கெல்லாம் எதுக்குங்க நாவலு?”

அருள்குமார் நாற்காலி மடக்குவதை நிறுத்தினான்.

“அக்கா, இந்த நாவலை எடுக்கச் சொன்னதே அவருதானுங்க. நாலு தடவை படிச்சிருக்காரு. படிச்சதுதானேன்னு முதல்ல குழுவுல சேரலை.”

“அப்பறம் எதுக்குங்க, புரியலை புரியலைன்னு...”

“நீங்க நின்னுக்கறேன்னு போன் பண்ணினதை அவருகிட்டச் சொன்னேன். ‘நான் வாரேன் அருளு. ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தக்காவையே கேக்கறேன். தனக்குன்னு படிக்கறவங்க பாதில நிறுத்திப்போடுவாங்க. இன்னொருத்தருக்குச் சொல்லிக் குடுக்கறவங்க நிறுத்த மாட்டாங்க’ன்னாருங்க.”