கூர் பார்க்கும் கை

அன்று கத்தி செய்யும் வேலப்பனின் இடது முன்கையில் இருந்தவர்கள்: கருமுடிகள் இருநூற்றுப் பதினொன்று, நரைமுடி ஒன்று. புதுக்கத்தியின் கூர் பார்க்க அவர் அதை இழுப்பது இந்தக் கைமேல்தான் என்று நரைமுடிக்கு நன்றாகத் தெரியும்.

பன்றி வேட்டைக்காரர் ஒருவர் சொல்லிச் செய்த கத்தி, மான்கொம்புப் பிடியோடு, சொரசொரப்பான கல்லில் தீட்டிய சூட்டோடு வந்து நின்றது. நரைமுடி முந்திக்கொண்டு பேசியது.

"தம்பி, உனக்கு இன்னும் கூர் வரலையே. இப்படியே காட்டுக்குப் போனா பன்றி சிரிக்கும். இன்னொரு தரம் தீட்டிட்டு வாப்பா."

கத்தி வெட்கப்பட்டுக் கல்லுக்கே திரும்பியது.

"பெரியப்பா, மொக்கையா இருக்கும்போதே இழுத்துட்டுப் போயிருக்கலாமே. பாதிப் பேராவது வளைஞ்சு தப்பிச்சிருப்போம்" என்றது மணிக்கட்டோரத்துக் குட்டிமுடி.

"வாயை மூடு. இப்ப உயிரோட இருக்கியா, இல்லையா?"

வழவழப்பான கல்லில் தீட்டிக்கொண்டு கத்தி மறுபடி வந்தது. அதன் நிழல் விழுந்ததுமே எல்லா முடிகளும் பயத்தில் எழுந்து நின்றன.

"இன்னும் கொஞ்சம், தம்பி" என்று நரைமுடி கெஞ்சியது.

கத்தி போய்த் தோல்வாரில் ஐம்பது இழுப்பு இழுபட்டு வந்தது.

"ரொம்ப நன்றிங்க, பெரியவரே. வேற யாரும் எனக்கு இவ்வளவு அக்கறையாச் சொன்னதில்ல. இப்பப் பாருங்க."

நரைமுடி வாயெடுத்தது.

ஒரே இழுப்பு. யாருக்கும் வலிக்கக்கூட இல்லை. முழங்கை மடிப்புக்குள் கிடந்த மூன்று பேர் மிஞ்சினார்கள்.