ஏரியின் கைநாட்டு

ஏரியின் பெயரிலும் சொத்து இருக்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, எங்கள் தெருவில் முதல் விடுதலைப் பத்திரம் எழுதியவர்கள் நானும் என் தங்கை கோமளாவும்தான். அப்பா ஏரியில் மண் கொட்டி மேடாக்கி, கிணறு வெட்டிக் கட்டிய வீடு. மூன்று வெள்ளம் பார்த்தாயிற்று, ஏரிக்கே கொடுத்துவிடலாம் என்றாள் கோமளா. தண்ணீருக்கு எதற்குப் பத்திரம் என்று எனக்கு எரிச்சல்.

வாங்குபவரால் நடக்க முடியாது என்பதால் சார்பதிவாளரே கரைக்கு வந்தார். "இனி இச்சொத்தில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று வாசித்தார். கையெழுத்துப் போட்டோம்.

"அவங்க எப்படி சார் கைநாட்டு வைப்பாங்க?" என்றாள் கோமளா.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கடைசித் தாளை நீரின் மேல் படுக்கவைத்து எடுத்தார். வெயிலில் காயக் காய, வண்டல் நிறத்தில் வளைவளைவாகக் கோடுகள் எழுந்தன. பெருவிரல் ரேகையேதான். ஓரத்தில் மட்டும் சின்னச் சின்னச் சதுரங்கள் வெறுமையாக இருந்தன.

"இது என்ன சார், தழும்பு மாதிரி?"

"உங்க தெரும்மா. இதோ, இது உங்க வீடு."

வீட்டை இடித்துத் தண்ணீர் ஏறி ஓராண்டு கழித்து, பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்துக்கு நாங்கள் சாட்சி. புது ரேகையில் எங்கள் சதுரத்தைத் தேடினேன். காணோம். அந்த இடத்தில் கோடுகள் ஓடிக் கூடியிருந்தன. நடுவே பொட்டளவு ஒரு சுழி.

கோமளா அதன் மேல் விரலை வைத்தாள்.

"அண்ணா, நம்ம கிணறு."

நான் செருப்பைக் கழற்றினேன்.