சொந்தக்காரர் இல்லாத ஊர்

பிரகதீஸ்வரி செல்போனில் நாகப்பட்டினம் என்று அடித்ததுமே, "அங்கே நம்ம தங்கச்சி வீடு இருக்குல்ல?" என்றார் பஞ்சநதம்.

மாமனார் பேச்சுக்கு மறுபேச்சு ஏது. மருமகள் நாகப்பட்டினத்தை அழித்தாள்.

உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் வாங்கத்தான் நான் அந்த வீட்டுக்குப் போனேன். வாங்கியும் ஆயிற்று. ஆனால் இப்படி ஒரு காரியம் நடந்துகொண்டிருக்கும்போது எழுந்து வர மனசு வருமா? பக்கத்து வீடு என்றால் பின்னே எதற்கு?

காரியம் இதுதான். பஞ்சநதத்துக்கும் அமிர்தத்துக்கும் கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம். மகன் சதீஷும் மருமகளும் சேர்ந்து, அவர்கள் இரண்டு பேரை மட்டும் கடற்கரைப் பக்கம் மூன்று நாள் அனுப்பி வைக்கிறார்கள். ஏதாவது ஒரு ஊரில் ரூம் போட்டுவிட்டு, அங்கிருந்தபடியே சுற்றுப்பக்கத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியது.

எந்த ஊர் என்பதில்தான் இழுபறி.

அமிர்தம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊராக இருக்க வேண்டும்.

ஒரத்தநாட்டுக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. கடலோரம் முழுக்கப் பெண் கொடுத்தும் எடுத்தும் வைத்திருக்கிறார்கள். சொந்தம் இருக்கிற ஊரில் போய் லாட்ஜில் தங்கினால், அடுத்த வளைகாப்புக்குப் பத்திரிகை வராது. "எங்க வீட்டுல பாய் இல்லையாமா?" என்று ஆள் விட்டுக் கேட்பார்கள்.

"அப்போ வேளாங்கண்ணி?" என்றாள் பிரகதீஸ்வரி.

"அங்கே யாருமில்ல. ஆனா கீழ்வேளூரைத் தாண்டித்தானே போகணும்? என் சித்தப்பா மகன் எந்நேரமும் பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பான்," என்றார் பஞ்சநதம்.

வேளாங்கண்ணியும் போயிற்று.

தரங்கம்பாடியைத் தட்டிவிட நான் கை கொடுத்தேன். "உன் அக்கா நாத்தனாரை அங்கேதானே கட்டிக் கொடுத்திருக்கு?" பிரகதீஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் மோரே புளித்திருக்கும். காரைக்காலுக்கும் நானே ஒரு சம்பந்தியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. தெருவில் யாருக்கு யார் என்ன முறை என்று சந்தேகம் வந்தால் என்னிடம்தான் வருவார்கள்.

அமிர்தத்துக்கு இது கஞ்சத்தனம் என்பது என் கணிப்பு. சொந்தக்காரர் வீடு என்றால் ஒரு சீப்புப் பழம், அரைக் கிலோ ஸ்வீட், பிள்ளைகள் கையில் ஆளுக்கு ஒரு நோட்டு.

அடுப்படியில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளிடம் போய் மெல்லக் கிளறினேன்.

"ஏன்டி, ரூம் வாடகை மிச்சம், சாப்பாடு மிச்சம். சொந்தம்னா அவ்வளவு கசக்குதா?"

அவள் கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"போனா எங்கேக்கா படுக்க வைப்பாங்க? என்னைப் பொம்பளைங்களோட கூடத்துல. அவரை ஆம்பளைங்களோட மொட்டை மாடியில. அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு அறை. சதீஷுக்குக் கல்யாணம் ஆனபோது அதை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அதிலிருந்து அமிர்தம் கூடத்தில், பிறகு பேரப்பிள்ளைகளோடு கூடத்தில். பஞ்சநதம் வயலில், மோட்டார் கொட்டகையில். பன்றி வருகிறது, காவலுக்கு ஆள் வேண்டும் என்பார். அறுத்துப் போட்ட வயலுக்கு என்ன காவல் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எட்டு வருஷமாகிறது. புருஷனிடம் ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் நாலு பேர் நடுவில்தான். அந்த நாலில் பாதி நாள் நானும் ஒருத்தி.

"வேதாரண்யம்?" என்று கூடத்திலிருந்து பிரகதீஸ்வரியின் குரல் வந்தது. "கோடியக்கரை பக்கத்துலயே இருக்கு. நாகப்பட்டினத்துக்கும் பஸ் இருக்கு. ஒரே ஒரு ரூம்தான் காட்டுது மாமா. போட்டுடவா?"

பஞ்சநதம் விரல்விட்டுப் பார்த்தார். ஒருவரும் சிக்கவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

"எனக்குத் தெரிஞ்சு யாருமில்ல. எதுக்கும் இரும்மா, அக்காவை ஒரு வார்த்தை கேட்டுடுவோம்."

அக்கா என்றால் நான்தான்.

எனக்கு ஆள் தெரியும். அமிர்தத்தின் ஒன்றுவிட்ட அக்கா மகள் ஆஷிகா. போன தை மாதம் மன்னார்குடியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு வேதாரண்யத்தில் மருந்துக்கடை, கடைக்கு மேலேயே வீடு. கல்யாணத்துக்குத் தெருவே வேன் வைத்துப் போனோம். பஞ்சநதம் மட்டும் வரவில்லை. அன்றைக்கென்று பார்த்து அவர் வயலுக்கு அறுப்பு மெஷின் வந்துவிட்டது. மெஷினை விட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ. பெண்டாட்டி பக்கத்துச் சொந்தத்தை எந்த ஆண்பிள்ளை ஊர் பேரோடு நினைவில் வைத்திருக்கிறார்?

மாப்பிள்ளை வீட்டு மாடிக்கு எத்தனை படி என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும்போல இருந்தது.

"வேதாரண்யமா? அங்கே உங்களுக்கு ஈ காக்காகூடக் கிடையாது தம்பி," என்றேன்.

பிரகதீஸ்வரி உடனே அமுக்கினாள். ரூம் பதிவாகிவிட்டது.

அமிர்தம் தலையை நிமிர்த்தவில்லை. கொத்தவரங்காயை மட்டும் பொடிப்பொடியாக நறுக்கித் தள்ளினாள்.

மன்னார்குடிப் பந்தியில் எனக்கு அடுத்த இலை அவளுடையது. பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொண்டே, பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சொன்னதே அவள்தான்.