கப்பல் ஒத்துக்காது

“இன்னிக்கு மேடையில வச்சே அந்தம்மாவைக் கேக்குறேனா இல்லையான்னு பாரு” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார் மணிமாறன்.

பெரம்பலூர் கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா. சென்னையில் ஒரு கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கே டைரக்டராக இருக்கும் புவனேஸ்வரி, இதோ இருக்கிற குரும்பலூர்க்காரர். எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளம் மட்டுமே தெரியும் ஊரிலிருந்து ஒருத்தர் கடலை ஆராயப் போனால் சும்மா விடுவார்களா? பேனர் என்ன, பொன்னாடை என்ன!

“ஏன்யா இந்தக் கோவம்? நம்ம சுவாதி அவங்க ஆபீஸ்லதானே ஆராய்ச்சி பண்ணுது?” பக்கத்து நாற்காலி கருப்பண்ணன் பயந்துபோனார்.

“அதான் கோவமே! கப்பல்ல போயி நடுக்கடல் தண்ணி எடுத்துட்டு வந்தாத்தான் எம்பொண்ணுக்கு டாக்டர் பட்டம். ரெண்டு வருஷமா இடமில்ல, இடமில்லன்னு தட்டிக் கழிக்கிறாங்க. ஆனா அதே கப்பல்ல டைரக்டருக்குன்னு தனியா ஒரு ரூம் இருக்காம். இந்தம்மா கப்பல் ஏறியே ஆறு வருஷமாச்சாம். அப்ப அந்த ரூமு பூட்டித்தானே கெடக்கும்?”

மேடையில் புவனேஸ்வரியின் பேச்சு முடிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். மணிமாறன்தான் முதல் ஆள். வெங்காய மண்டியில் ஏலம் கூவிய தொண்டை, மைக்கே தேவைப்படவில்லை.

“கடல் கடல்னு இவ்வளவு நேரம் பேசுனீங்களே, நீங்க கடைசியா கப்பல் ஏறுனது எப்பங்க?”

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“ஆறு வருஷமாச்சுண்ணே” என்று அசடு வழியச் சிரித்தார் புவனேஸ்வரி. “எனக்குக் கப்பல் ஒத்துக்காதுங்க. ஏறுனா ஒரே வாந்தி. நமக்கெல்லாம் சோளக்காடுதான் லாயக்கு.”

மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பயந்துகொண்டிருந்த கருப்பண்ணன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். மணிமாறனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கடலுக்குப் பயந்த கடல் டைரக்டர்! ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்க இது போதும்.

பந்தியில் உட்கார்ந்து முதல் கவளம் எடுத்தபோது சுவாதி போன் செய்தாள்.

“அப்பா! எனக்குக் கப்பல்ல இடம் கெடச்சிருச்சுப்பா! டைரக்டர் ரூம்ல!”

எடுத்த கவளம் கையிலேயே நின்றது. “அந்தம்மா ரூம்லயா?”

“ஆமாப்பா. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். கப்பல் கிளம்புறப்பல்லாம் அந்த ரூமை யாராச்சும் படிக்கிற புள்ளைங்களுக்குத்தான் குடுத்துட்டு வராங்களாம். இந்தத் தடவை எனக்கு!”

மணிமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருஷமாக மகள் போனில் அழாத வாரமில்லை. ஆனாலும் ஏலத்தில் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனுஷர் ஆயிற்றே!

“அட, இதுல என்ன பெரிய தியாகம்? அவங்களுக்குத்தான் கப்பல்னாலே வாந்தியாமே. சும்மா கெடக்குற ரூமைத் தூக்கிக் குடுக்குறது ஒரு பெருமையா?”

“வாந்தியா? மேடத்துக்கா? யாருப்பா சொன்னா?” சுவாதி சிரித்தாள். “முன்ன ஒரு தடவை புயல்ல மாட்டிக்கிட்டப்ப கேப்டனே குப்புறப் படுத்துட்டாராம். மேடம் மட்டும் தட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னு, ‘இன்னும் கொஞ்சம் மீன்கொழம்பு ஊத்துங்க’ன்னு கேட்டாங்களாம்ப்பா!”