மூன்று வார இருமல்

"பையச் சொல்லு மக்களே. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி காத நீட்டிட்டு நிப்பா."

வியாகுலம்மாள் சாளை மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள். ஜெஸ்மி இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அரசு சுகாதார நிலையத்தின் காசநோய்ப் பணியாளர் அவள். மூன்று வாரமாக இருமிக்கொண்டிருந்த இந்த அம்மாளிடம், போன வாரம் இதே பின்வாசலில் வைத்து, சளிப் பரிசோதனைக்கு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாளே டப்பா ஒழுங்காக வந்து சேர்ந்தது. இப்போது முடிவு அவள் பையில் இருந்தது.

"வீட்டுல வேற யாரும் இல்லியா?"

"மவன் டைட்டஸ் கடலுக்குப் போயி ஒரு மாசம் ஆவுது. மருமவ மீன் சருவத்தத் தூக்கிட்டு தக்கலை பஸ்ஸு ஏறியாச்சு. எனக்கு இந்த இருமல் வந்ததுல இருந்து அவதான் யாவாரத்துக்குப் போறா. வந்த ஒடன படுத்துருவா, கேட்டியா. கோழி கூட அவளுக்குப் பொறவுதான் அடையும்."

ஜெஸ்மி சிரித்துவிட்டாள்.

"சிரிக்காத. சோத்தக் கண்டா மொகத்தத் திருப்புவா. மசக்கையோன்னு பாத்தேன், அதுவும் இல்ல. செல்லுல பாத்து ஒடம்பக் கொறைக்கியளே இப்பப் பிள்ளைய, அதுதான். கிறிஸ்மசுக்குத் தச்ச சட்ட தோள்ல நிக்க மாட்டேங்கு. நான் ரெண்டு இருமினா அவளும் ஒண்ணு இருமுவா. மாமியாருக்குப் போட்டி."

பேச்சை எங்கே வெட்டுவது என்று ஜெஸ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி மூச்சு வாங்கி நிறுத்திய இடத்தில் சொன்னாள்.

"அம்மா, சளியில கிருமி இருக்கு. டி.பி."

கத்தி நின்றது.

ஆறு வருட வேலையில் ஜெஸ்மி கற்றுக்கொண்டது இதுதான்: முடிவைச் சொன்ன பிறகு, கொஞ்ச நேரம் வாய் திறக்கக் கூடாது. சிலர் அழுவார்கள். சிலர் சண்டைக்கு வருவார்கள். ஒருவர் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரம் அவர்களுடையது. அதற்குள் யாரும் நுழைய முடியாது.

"சயமா?" என்றாள் வியாகுலம்மாள்.

"ஆமா. ஆனா பயப்படாண்டாம். ஆறு மாசம், ஒரு நாள் விடாம மாத்திர தின்னா முழுசா மாறிரும். எத்தனையோ பேரு மாறி வேலைக்குப் போறாவ."

"பத்மநாபபுரத்துல எனக்கு நாப்பது வாடிக்க வீடு. ஒவ்வொருத்திக்கும் எந்த மீனு பிடிக்கும்னு எனக்குத் தெரியும். சயக்காரி மீனுன்னு தெரிஞ்சா பூனைக்குக் கூடப் போட மாட்டாளுவ."

"மீன் வழியாப் பரவாதும்மா. இருமும்போது காத்து வழியாத்தான். மாத்திர தொடங்குனா கொஞ்ச நாள்லயே அதுவும் நின்னுரும். நான் ஒருத்தர்ட்டயும் மூச்சு விட மாட்டேன்."

வியாகுலம்மாள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டியில் கிடந்த மீன்களையே பார்த்தபடி இருந்தாள். பிறகு கேட்டாள்: "இருமலு மட்டும்தானா இதுக்கு அடையாளம்?"

"ரெண்டு வாரத்துக்கு மேல இருமல். சாயங்காலம் ஆனா லேசாக் காய்ச்சல். ராத்திரி படுக்க நனைய வேர்க்கும். பசி இருக்காது. ஒடம்பு மெலியும். எந்நேரமும் ஒரு சடவு, அசதி…"

தினமும் ஒப்பிக்கும் பாடம்தான். பாதியில் ஜெஸ்மிக்கே நாக்கு தடுக்கியது. சற்று முன் கேட்ட புகார்கள்தானே இவை. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் கூட இருப்பவரையும் பார்க்க வேண்டும் என்பது விதி. இங்கே விதியை நினைவுபடுத்த வேண்டிய தேவை இல்லை.

"நாளைக்கு சென்டருக்கு வரும்போது மருமவளையும் கூட்டிட்டு வாங்கம்மா. ரெண்டு பேரும் ஒரே வீட்டுல கெடக்கது. ஒங்ககிட்ட இருந்து அவளுக்கும் வந்திருக்கலாம்."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் ஜெஸ்மி எதிர்பார்த்த கோபம் இல்லை. தன் நோயைப் பற்றிய பயமும் இல்லை. வேறு ஏதோ ஒன்று, ஜெஸ்மிக்குப் பெயர் தெரியாத ஒன்று, மெல்ல அந்த முகத்தில் ஏறியது.

"அவளுக்கு இருந்தாலும் மாறிருமா?"

"சத்தியமா மாறும். சீக்கிரம் தொடங்கணும். அவ்வளவுதான்."

ஜெஸ்மி படிவத்தை மடியில் விரித்துப் பெயரை எழுதத் தொடங்கினாள். வியாகுலம்மாள், வயது அறுபத்திரண்டு. மதிலுக்கு அப்பால் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. மீனில் ஈ மொய்த்தது. விரட்ட யாரும் கை நீட்டவில்லை.

"எழுதாத மக்களே."

"இத யாரும் பாக்க மாட்டாங்கம்மா."

"ஊரே பாக்கட்டும். எனக்க பேர வெட்டு. பெபிஷான்னு எழுது."

ஜெஸ்மியின் பேனா நின்றது.

"எனக்குச் சயம்னு தெரிஞ்சிட்டா வாடிக்க எல்லாம் போயிருமேன்னு பயந்தேன். இருவத்தாறு வயசுக்காரி, இவளுக்கு என்ன வந்துரப் போவுதுன்னு நெனச்சு, அந்த டப்பாவுல எனக்க மருமவளத்தான் துப்பச் சொன்னேன்."