ஒன்பது வயதுப் படம்

அவள் போட்டோவை உயர்த்திப் பிடித்தாள்.

சிறுமியைப் பார்த்தாள்.

மறுபடி போட்டோவை.

சிறுமி வாசற்படியில் உட்கார்ந்து கொய்யாக்காய் கடித்துக்கொண்டிருந்தாள். நிகிலா. எதிர்வீட்டுப் பெண். ஒன்பது வயது. அப்பா, அம்மா இருவருக்கும் மில்லில் பகல் ஷிப்ட். சனிக்கிழமைகளில் தெருதான் அவளுக்குக் காவல்.

தெரு என்றால் நான்.

குழாயடியில் என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. நகரவில்லை. இப்படி ஒரு காட்சியை விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்குகிறவள் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை.

போட்டோவைப் பிடித்திருந்தவளின் மகள் தாரணி காணாமல் போய் ஆறு வருடம். மூன்றாவது பிறந்தநாளுக்கு ஸ்டுடியோவில் படம் எடுத்தார்கள். அடுத்த மாதம் தேரோட்டம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்தது. பிள்ளை வரவில்லை.

அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஸ்டுடியோவுக்குப் போவாள். தனியாக. கையில் அந்தப் பழைய படம். ஸ்டுடியோக்காரன் செல்லத்துரை அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு வயது கூட்டித் தருவான்.

நான்கு. ஐந்து. ஆறு. பல் விழுந்த ஏழு.

கூடத்துச் சுவரில் வரிசையாக வளர்ந்தாள் தாரணி. எந்தப் படத்துக்கும் மாலை கிடையாது. மாலை போட்டால் முடிந்துபோயிற்று என்று ஆகிவிடும்.

எட்டு வயதுப் படத்தை மாட்டிய அன்று அவள் கணவன் அக்காள் வீட்டுக்குப் போனான். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கவில்லை என்றானாம். இன்னும் அக்காள் வீட்டில்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வருடப் படம் தயாரானபோது நானும் ஸ்டுடியோவில் இருந்தேன். பென்ஷன் புத்தகத்துக்குப் படம் எடுக்க. திரையை எட்டிப் பார்த்தேன்.

நிகிலாவின் கன்னம். நிகிலாவின் மோவாய். பள்ளிக்கூடத்துக்காக அவள் அங்கே எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படத்திலிருந்து வெட்டியது.

செல்லத்துரை திரும்பினான்.

"யக்கா, மூணு வயசு மூஞ்சிய வச்சிக்கிட்டு நா எத்தன வருசந்தான் இழுக்கிறது? கண்ணு மட்டும் அந்தப் புள்ளயோடது. மிச்சத்துக்கு ஒரு மூஞ்சி வேணும்ல. நீங்க வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

இருந்தேன். என் ஆயுளில் நான் சும்மா இருந்தது அந்த ஒரு தடவைதான்.

சும்மா இராதது வேறொரு தடவை. போன வருடம் நிகிலாவின் குடும்பம் இங்கே குடிவந்த புதிதில், தாய்க்கும் மகளுக்கும் ஜாடையே இல்லையே என்றேன். இதே குழாயடியில். ஒரு பேச்சுக்கு.

பக்கத்தில் குடத்தோடு நின்றவள் அவள்.

இப்போது அவள் நிகிலாவின் மோவாயைத் தொட்டாள். வெளிச்சம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"நீ கைக்குழந்தையா இருந்தப்ப எடுத்த படம் இருக்காடா?"

"இல்ல பெரியம்மா. எடுக்கவே இல்லயாம்."

அது உண்மை. நிகிலாவுக்கு முன்னால் இரண்டு பிறந்து தங்கவில்லை. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்தார்கள். அதோடு விடவில்லை. பிறந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரி கையில் பிள்ளையைக் கொடுத்து, உழக்குத் தவிட்டைப் போட்டுத் திரும்ப வாங்கினார்கள். விலைக்கு வாங்கிய பிள்ளையை எமன் சீண்டமாட்டானாம். எல்லாம் அவள் அம்மாவே என்னிடம் சொன்னது. என்னிடம் எதையும் சொல்லாமல் இருப்பது கடினம்.

நிகிலாவுக்குத் தெரிந்தது பாதி. அடம்பிடிக்கும் பிள்ளையிடம் அம்மாக்கள் சொல்வார்களே, அந்தப் பாதி.

"என்னயத் தவிட்டுக்கு வாங்குனாங்களாம்," என்றாள். சிரித்தாள்.

அவள் சிரிக்கவில்லை.

"எங்க வச்சு?"

நிகிலா விதையைத் துப்பினாள். யோசித்தாள். அம்மாவின் கேலியில் ஊர்ப்பெயர் எதுவும் இல்லை போலும். இல்லாத இடத்தில் எதையாவது வைத்து நிரப்பத் தெரிந்தவன் செல்லத்துரை மட்டுமா.

"தேரோட்டத்துல."

குழாயில் தண்ணீர் நின்றது.

ஒரே வரிதான். அது இந்தப் பிள்ளையின் முகமேதான், கடையில் ஒட்டவைத்தது என்று. சொல்லியிருக்கலாம்.

சொன்னால் அவளுக்கு மகள் இரண்டாம் தடவை தொலைவாள். அதனால்தான் சொல்லவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து என்ன செய்வாள் என்று பார்க்க நின்றேன் என்பதுதான் சரி.

அவள் போட்டோவை வாசற்படியில் வைத்தாள். மல்லாக்க. முந்தானையால் நிகிலாவின் வாயைத் துடைத்தாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் எதையோ தேடினாள். கிடைத்ததா இல்லையா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

"இன்னிக்குப் பொறந்தநாளு. பாயசம் வச்சிருக்கேன். வாரியா?"

"யாருக்குப் பொறந்தநாளு?"

அவள் குனிந்து செருப்பை எடுத்து முன்னால் வைத்தாள்.

நிகிலா செருப்பை மாட்டினாள். கையை நீட்டினாள்.

அவள் விரலைப் பிடிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தாள்.

தெருமுனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

தெருவைக் கடந்தால் அவள் வீடு. பத்தடி.

அவர்கள் கடக்கவில்லை.