பின்கழுத்து

தாலுகா ஆபீசில் விசாரணை. தாசில்தார் நடுவில். அவருக்கு வலப்பக்கம் இன்ஸ்பெக்டர். ஊர்ப் பெரியவர்கள் மூவருக்கும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. கதவோரப் பெஞ்சில் அவளும் அவள் கணவனும். இருவருக்கும் நடுவில் அவனுடைய ஊன்றுகோல்.

முடிதிருத்தும் ராக்கப்பன் நின்றுகொண்டிருந்தார்.

மனுவில் எதிரி என்று அவர் பெயர் மட்டும்தான் இருந்தது.

எழுதியவள் அவள்தான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாம் ஒழுங்காக.

இடுப்பு முறிந்தபின் அவனால் முடிவெட்ட டவுனுக்குப் பஸ் ஏற முடியவில்லை. காலனிக்காரர்களுக்கு ஊர்க் கடையில் வெட்டுவதில்லை. தெரிந்தும் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. முடியாது தாயி என்றார் ராக்கப்பன், தெருவைப் பார்த்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் துணி வெட்டும் கத்தரியால் அவளே வெட்டிவிட்டாள். மாடு மேய்ந்த மாதிரி இருக்கிறது என்று அவன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மனு எழுதினாள்.

இப்போது பெரியவர்கள் பேசினார்கள். வெட்ட மாட்டேன் என்றது அவன், கத்தரி அவனுடையது, எங்களுக்கு இதில் என்ன என்றார்கள். கடை இருக்கும் கட்டடம் அவர்களில் ஒருவருடையது. அதை யாரும் சொல்லவில்லை.

ராக்கப்பன் மன்னிப்புக் கேட்டால் சுமுகமாக முடித்துக்கொள்ளலாம் என்றார் தாசில்தார். இல்லாவிட்டால் சட்டப்படி அவர்தான் உள்ளே போக வேண்டிவரும் என்றார் இன்ஸ்பெக்டர்.

ராக்கப்பன் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் கணவனின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கைவிரல்கள் கத்தரி பிடித்ததுபோலத் தாமாகவே திறந்து மூடின.

அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

மனுவைத் திருத்த வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். சமாதானம் என்றே நினைத்து தாசில்தாரும் கொடுத்துவிட்டார்.

கணவனோடு வராந்தாவுக்கு வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து புதுத்தாளில் எழுதினாள். எதிரிகள் என்ற இடத்தில் பெரியவர்கள் மூவரின் பெயர்.

ராக்கப்பன் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது.

ராக்கப்பன் வெளியே வந்தார். பெரியவர்கள் வாசலில் தங்கள் காரருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பையும் கத்தரியையும் எடுத்தார். கணவனின் பின்னால் போய் நின்று, தலையை மெல்லக் குனிய வைத்தார்.

"யாரு வெட்டுனது? ஒரே கோணலா இருக்கு."

"நாந்தாண்ணே" என்றாள் அவள்.

ராக்கப்பன் சீப்பை வைத்து வெட்டத் தொடங்கினார்.

"என் பேர விட்றாத தாயி. சாட்சியில போட்டுக்க."

அவள் நிமிர்ந்தாள். கடைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"கத்தரி என்னுதுன்னு அவுகளே சொல்லிட்டாகளே."

காதை மடக்கிப் பிடித்து, ஓரத்தை நேராக்கினார். ஊதிவிட்டார்.

கார் கிளம்பிப் போனது.

தபால் நிலையத்தில் உறைமீது கலெக்டரின் முகவரியை எழுதினாள். பசை தடவினாள். அவள் மணிக்கட்டிலிருந்து முடித்துணுக்கு ஒன்று விழுந்து பசையில் ஒட்டிக்கொண்டது.

நகத்தால் எடுக்கப் போனாள்.

எடுக்கவில்லை. அப்படியே அழுத்தி மூடி, கவுண்டருக்குள் நீட்டினாள்.